தராசு சரிதான், எடைக்கல் யாருடையது?

ஒரே வகுப்பில் படித்த இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பிளஸ் டூவில் கணக்கில் 95, இயற்பியலில் 80, வேதியியலில் 80. இன்னொருவர் கணக்கில் 80, மற்ற இரண்டிலும் 95. மூன்றையும் கூட்டினால் முதலாமவருக்கு 255, இரண்டாமவருக்கு 270. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குப் போனால் இரண்டு பேருக்கும் கட்-ஆஃப் 175தான். கணக்கை அப்படியே நூற்றுக்கு வைத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதாகச் சுருக்குவதால் வரும் சமம் இது. சமமாக நிற்பவர்களில் யார் முன்னே என்று பார்க்கும்போதும் முதலில் கணக்கு மதிப்பெண்தான். ஆக, 255 வாங்கியவர் முன்னால் போவார். 270 வாங்கியவர் அவருக்குப் பின்னால் நிற்பார்.

இதில் அநியாயம் ஒன்றும் இல்லை. பொறியியலுக்குக் கணக்கு முக்கியம் என்று யாரோ முடிவு செய்து அதற்கு இரட்டை எடை கொடுத்திருக்கிறார்கள். பிளஸ் ஒன் சேரும்போதே அது ஊருக்கெல்லாம் தெரியும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பாவும் விரல் விட்டுக் கட்-ஆஃப் போட்டுவிடுவார். ஆனால் அந்த 'யாரோ' கொஞ்சம் கவனிக்க வேண்டிய ஆள். பல தகுதிகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்கும் இடங்களில் கூட்டலை யாரும் தப்பாகப் போடுவதில்லை. சண்டை வருவதெல்லாம் எடையில்தான். எதற்கு எவ்வளவு எடை, அதை எழுதியது யார், போட்டியாளர்களின் பெயர்களைப் பார்ப்பதற்கு முன்னால் எழுதினார்களா, பின்னால் எழுதினார்களா?

இந்தக் கேள்வியைச் சுற்றியே ஓர் ஆய்வுத் துறை அரை நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்திருக்கிறது. 'பல அளவுகோல் முடிவெடுப்பு' என்று தமிழில் சொல்லலாம். கணிதமும் மேலாண்மையும் பாதிப் பாதி கலந்த துறை. இதன் முன்னோடி என்று பலரும் சொல்வது ஒரு கடிதத்தை. வேலை மாறுவதா வேண்டாமா என்று குழம்பிய விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லிக்கு 1772-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதிய கடிதம் அது. தாளின் நடுவே கோடு போடு. ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். மூன்று நான்கு நாள் யோசித்து எழுது. எடை சமமாக இருப்பதையெல்லாம் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டே வா. மிஞ்சுவது எந்தப் பக்கமோ அதுவே முடிவு. எடை என்ற எண்ணம் அங்கேயே வந்துவிட்டது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் பிராங்க்ளின் சொல்லாமல் விட்டார்.

அதைச் சொல்ல முயன்றவர்களில் அதிகம் பேசப்பட்டவர் தாமஸ் சாட்டி. 1926-ல் இராக்கின் மோசூல் நகரில் பிறந்தவர். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 1960-களில் அமெரிக்க அரசின் ஆயுதக் கட்டுப்பாட்டு முகமையில் வேலை பார்த்தார். சோவியத் ஒன்றியத்தோடு அணு ஆயுதப் பேச்சுவார்த்தை நடந்த காலம். முகமை பெரிய பெரிய பொருளியல் அறிஞர்களை அமர்த்தியிருந்தது. பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் அவர்கள் எழுதித் தந்த சூத்திரங்கள் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும் வழக்கறிஞர்களுக்கு எட்டவில்லை. வழக்கறிஞர்களின் கவலை சூத்திரக்காரர்களுக்குப் பிடிபடவில்லை. உலகத்தின் உயிர் தொங்கும் ஒரு விஷயத்தில், எது முக்கியம், எது அதைவிட முக்கியம் என்று இரண்டு தரப்பும் ஒரே மொழியில் பேசிக்கொள்ள வழியில்லை. அந்த உறுத்தலோடுதான் சாட்டி பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். 1977-ல் ஒரு கட்டுரையாகவும் 1980-ல் ஒரு புத்தகமாகவும் தன் முறையை வெளியிட்டார். பகுப்பாய்வுப் படிநிலை முறை, சுருக்கமாக ஏஎச்பி.

முறை எளிது. அதைப் பார்க்க அணு ஆயுதம் வேண்டாம், சென்னையில் வாடகை வீடு தேடும் ஒரு குடும்பம் போதும்.

அவர்களுக்கு மூன்று அளவுகோல்: தண்ணீர், வாடகை, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்பது. "மூன்றுக்கும் நூற்றுக்கு எவ்வளவு எடை தருவீர்கள்?" என்று நேராகக் கேட்டால் யாராக இருந்தாலும் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். சாட்டி அப்படிக் கேட்கவில்லை. இரண்டு இரண்டாக எடுத்துக் கேட்டார். தண்ணீரா வாடகையா, எது பெரிது, எத்தனை மடங்கு? ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் இரண்டும் சமம். ஒன்பது என்றால் பேச்சுக்கே இடமில்லை. வீட்டம்மா சொல்கிறார்: லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று அலுத்துவிட்டது, வாடகையைவிடத் தண்ணீர் மூன்று மடங்கு முக்கியம். பள்ளித் தூரத்தைவிட வாடகை இரண்டு மடங்கு. தண்ணீருக்கும் பள்ளித் தூரத்துக்கும்? கொஞ்சம் யோசித்து, நான்கு மடங்கு.

இந்த மூன்று பதிலிலிருந்து எடை பிறந்துவிடுகிறது. தண்ணீருக்கு 62, வாடகைக்கு 24, பள்ளித் தூரத்துக்கு 14. நூற்றுக்கு 62 என்று அந்த அம்மா வாயால் சொல்லவே இல்லை; ஆனால் மனதில் இருந்தது அதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் வாடகையைவிட மூன்று மடங்கு, வாடகை பள்ளித் தூரத்தைவிட இரண்டு மடங்கு என்றால், கணக்குப்படி தண்ணீர் பள்ளித் தூரத்தைவிட ஆறு மடங்காக இருக்க வேண்டும். அவர் சொன்னது நான்கு. மனிதர் என்றால் இப்படித்தான். சாட்டி இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்பதற்கு ஓர் அளவு வைத்தார். அந்த முரண் அளவு 0.10-க்குள் இருந்தால் சரி, தாண்டினால் மறுபடி யோசி. இந்த அம்மாவின் பதில்களுக்கு அது 0.02-ஐக்கூடத் தொடவில்லை. அவரே கடைசிக் கேள்விக்கு, "இல்லை, தண்ணீரைவிடப் பள்ளிக்கூடம்தான் இரண்டு மடங்கு முக்கியம்" என்று சொல்லியிருந்தால் அளவு 0.6-ஐத் தாண்டியிருக்கும். அப்போது அவர் மூன்றில் ஏதோ ஒரு கேள்விக்கு மனதில் இல்லாததைச் சொல்கிறார் என்று பொருள். உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.

இந்தத் துறையின் பங்களிப்புகளில் பெரியது எது என்று கேட்டால், எடையைத் தரும் கணக்கைவிட இந்த முரண் அளவைத்தான் சொல்லத் தோன்றுகிறது. நிபுணர் குழு என்று ஒன்றை உட்காரவைக்கிறோம். அவர்கள் கொடுக்கும் மதிப்பெண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறோம். அந்த நிபுணர் காலையில் சொன்னதும் மாலையில் சொன்னதும் ஒத்துப்போகிறதா என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. ஓர் எண் அதைக் கேட்கிறது.

ஏஎச்பி உலகம் முழுக்கப் பரவியது. சாட்டி 1970-களிலேயே சூடான் நாட்டின் போக்குவரத்துத் திட்டத்தில் இதைப் பயன்படுத்திப் பார்த்தார். 1980-களில் சாஃப்ட்வேர் வந்தது. நிறுவனங்கள் எந்த ஆலையை எங்கே வைப்பது, எந்த சப்ளையரைப் பிடிப்பது என்று இதில் போட்டுப் பார்த்தன. அதே வேகத்தில் அடியும் விழுந்தது.

1983-ல் வேலரி பெல்ட்டன், டோனி கியர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சின்ன உதாரணத்தைப் போட்டார்கள். மூன்று போட்டியாளர்கள், சம எடையுள்ள மூன்று அளவுகோல்கள். ஏஎச்பி கணக்கில் இரண்டாமவருக்கு 0.47, முதலாமவருக்கு 0.45, மூன்றாமவர் எங்கோ பின்னால். ஆக, இரண்டாமவர் வெற்றி. இப்போது நான்காவதாக ஒருவர் வருகிறார். இரண்டாமவரின் அச்சு அசல் நகல். புதிதாக எந்தத் தகவலும் வரவில்லை. ஆனால் மறுபடி கணக்குப் போட்டால் முதலாமவருக்கு 0.37, இரண்டாமவருக்கு 0.29. வென்றவர் தோற்றுப்போனார்! வாடகை வீட்டுக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், இரண்டாவது மாடி வீடு பிடித்திருந்தது. மூன்றாவது மாடியிலும் அதே மாதிரி வீடு காலி என்று புரோக்கர் சொன்னதும், எதிர்த் தெரு வீடு உசத்தி ஆகிவிட்டது. சாட்டி விட்டுக்கொடுக்கவில்லை. நகல் பெருகினால் சரக்கின் மதிப்பு குறைவது உலக வழக்கம்தானே என்று வாதாடினார். பிறகு, தரவரிசை அப்படிப் புரளாதபடி கணக்குப் போடும் இன்னொரு வழியையும் தன் முறைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார். இந்த விவாதம் ஆய்விதழ்களில் பத்து இருபது ஆண்டுகள் ஓடியது.

அட்லாண்டிக்கின் மறுகரையில், பாரிஸில், பெர்னார் ராய் என்ற பிரெஞ்சுக்காரர் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தார். 1960-களின் பிற்பகுதியில் அவர் உருவாக்கிய எலெக்த்ர் முறை எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்குவதையே சந்தேகப்பட்டது. கூட்டல் என்றால் ஈடுகட்டல். ஒன்றில் குறைந்ததை இன்னொன்றில் சரிக்கட்டலாம். எல்லாவற்றையும் அப்படிச் சரிக்கட்ட முடியுமா? விருந்தில் பாயசம் அமிர்தம், வடை மொறுமொறு, ஆனால் சாம்பாரில் பல்லி. நூற்றுக்கு 85 என்று யாராவது மதிப்பெண் போடுவார்களா? ராய் தன் முறையில் 'வீட்டோ' வைத்தார். ஏதாவது ஓர் அளவுகோலில் ஒருவர் குறிப்பிட்ட எல்லைக்கு மேல் மோசமாக இருந்தால், மற்றதில் எவ்வளவு மேலே இருந்தாலும் அவரை உயர்ந்தவர் என்று சொல்லக் கூடாது. ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீடு 2010-ல் சாதாரணச் சராசரியை விட்டுப் பெருக்குச் சராசரிக்கு மாறியதும் ஏறக்குறைய இதே கவலையால்தான். வருமானம் நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கல்வியில் உள்ள ஓட்டையை முழுசாக மறைத்துவிட முடியாது. சாட்டியும் ராயும் 2017-ல், சில மாத இடைவெளியில் காலமானார்கள். இருவரின் சீடர்களும் இன்னும் ஒருவரையொருவர் ஒத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தத் துறையின் ஆய்விதழ்களைப் புரட்டினால், இந்தியக் கல்லூரிகளிலிருந்து வரும் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. ஏஎச்பியோடு, 1981-ல் ஹ்வாங், யூன் இருவரும் கொண்டுவந்த டாப்சிஸ் முறையை ஒட்டுப்போட்டு, மேலே 'ஃபஸி' என்று ஒரு தூறல் தெளித்து, நல்ல சூரியசக்தித் தகடு எது, நல்ல கழிவுநீர் முறை எது என்று தரவரிசை போட்டு முடித்துவிடுகிறார்கள். எடை கொடுத்தது 'மூன்று நிபுணர்கள்'. யார் அவர்கள்? அந்தத் தகட்டை வாங்க வேண்டிய பஞ்சாயத்துத் தலைவர் அதில் இருந்தாரா? அந்தத் தரவரிசையை வைத்து எவராவது எதையாவது வாங்கினார்களா? கட்டுரை அதற்கு முன்பே முடிந்துவிடும். முடிவெடுப்பவர் இல்லாத முடிவெடுப்பு ஆராய்ச்சி.

நிஜமான முடிவெடுப்பவரோடு உட்கார்ந்து செய்த ஆய்வுக்கு மெக்சிகோ நகர விமான நிலையம் உதாரணம். 1971-ல் ரால்ஃப் கீனி, ரிச்சர்ட் டி நூஃப்வில் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அந்நாட்டுப் பொதுப்பணி அமைச்சகத்துக்காக இதைச் செய்தார்கள். கேள்வி ஒன்றுதான்: நகரை ஒட்டிய டெக்ஸ்கோகோ ஏரிப் படுகையில் இருக்கும் பழைய விமான நிலையத்தை விரிவாக்குவதா, வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி சும்பாங்கோவில் புதிதாகக் கட்டுவதா? அளவுகோல் ஆறு: செலவு, எத்தனை விமானம் வந்துபோக முடியும், விமான நிலையத்துக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம், விபத்து நடந்தால் எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள், எத்தனை பேரை இடம்பெயர்க்க வேண்டும், இரைச்சலில் எத்தனை பேர் வாழ வேண்டியிருக்கும். அமைச்சக அதிகாரிகளை உட்காரவைத்து, இவ்வளவு பேரை இடம்பெயர்ப்பதற்கும் இவ்வளவு நிமிடப் பயணத்துக்கும் எது ஈடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார்கள். கடைசியில், எல்லாவற்றையும் இன்றைக்கே முடிவு செய்துவிடாமல் படிப்படியாகப் போகலாம் என்ற பக்கம் ஆய்வு சாய்ந்தது.

பின்கதை சுவையானது. 2014-ல் மெக்சிகோ அரசு டெக்ஸ்கோகோவிலேயே பிரம்மாண்டமான புதிய விமான நிலையத்தை அறிவித்தது. கட்டுமானம் கணிசமாக நகர்ந்தபின், 2018 அக்டோபரில் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள், ஏறக்குறைய 70 சதவீதம் பேர் அந்தத் திட்டம் வேண்டாம் என்ற பக்கம். திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக 2022 மார்ச்சில் திறந்த விமான நிலையம் இருப்பது சும்பாங்கோ நகராட்சிப் பகுதியில். 1971-ல் மேசைமேல் இருந்த அதே இரண்டு பெயர்கள், அரை நூற்றாண்டுக்குப் பிறகும்.

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் என்ற பேச்சிலும் ஏறக்குறைய இதே அளவுகோல்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர் என்று நான்கு இடங்களைப் பார்த்து, 2022 ஆகஸ்டில் பரந்தூர் என்று அறிவித்தார்கள். சுமார் 5,700 ஏக்கர். அந்த நிலத்துக்குள் வரும், ஏரியும் வயலுமாக இருக்கும் ஏகனாபுரத்து மக்கள் அன்றிலிருந்து போராடுகிறார்கள். பயண நேரத்துக்கு எவ்வளவு எடை, ஓர் ஏரிக்கு எவ்வளவு எடை, ஊரைவிட்டுப் போகும் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு எடை? இடத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் இதை அந்த ஊர்க்காரர்கள் முன் பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் போராட்டமே வந்திருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் எதைப் பற்றிப் போராடுகிறோம் என்பது இரண்டு தரப்புக்கும் தெளிவாக இருந்திருக்கும். ஏரி போனால் வேறு எதைக் கொடுத்தும் ஈடுகட்ட முடியாது என்று ஊர்க்காரர்கள் சொல்வது, பெர்னார் ராய் பேசிய வீட்டோவைத்தான்.

எடை என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் இன்னொரு சொல் உண்டு: வெயிட்டேஜ். ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதிய குடும்பங்களில் அந்தச் சொல்லைச் சொன்னால் இன்றும் ஒரு பெருமூச்சு வரும்.

2012-ல் வந்த அரசாணையின்படி, தகுதித் தேர்வு மதிப்பெண்ணுக்கு 60, பிளஸ் டூ, பட்டம், பி.எட். மதிப்பெண்களுக்குச் சேர்த்து 40. அதைப் போட்ட விதம்தான் கோளாறு. மதிப்பெண்ணைப் படிக்கட்டுப் படிக்கட்டாக வெட்டினார்கள். தகுதித் தேர்வில் 60 முதல் 70 சதவீதத்துக்குள் எடுத்தவர் யாராக இருந்தாலும் 42. எழுபதைத் தொட்டால் 48. 150-க்கு 90 எடுத்தவருக்கும் 42, 104 எடுத்தவருக்கும் 42. ஆனால் 105 எடுத்தவருக்கு 48. பதினான்கு மதிப்பெண் வித்தியாசத்துக்கு விலை பூஜ்ஜியம்; ஒரே ஒரு மதிப்பெண்ணுக்கு விலை ஆறு. முதல் செமஸ்டரில் இந்தத் துறையைப் படிக்கும் மாணவர்கூட இதைத் தப்பு என்று சொல்வார். 2014 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த முறையை ரத்து செய்தது.

அதே ஆண்டு மே மாதம் அரசாணை 71 வந்தது. படிக்கட்டு போய், எடுத்த மதிப்பெண்ணை அப்படியே விகிதத்தில் மாற்றினார்கள். பட்டதாரி ஆசிரியர்களுக்குத் தகுதித் தேர்வு 60, பிளஸ் டூ 10, பட்டம் 15, பி.எட். 15. கணக்கு இப்போது சுத்தம். 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் தேர்வர்களின் குமுறல் அடங்கவில்லை. அதில் நியாயமும் இருந்தது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். தகுதித் தேர்வின் 150 மதிப்பெண் 60 ஆகச் சுருங்குகிறது. அதாவது அங்கே ஒரு மதிப்பெண்ணின் விலை 0.4. பிளஸ் டூவில் 20 சதவீத வித்தியாசம் இருந்தால் வெயிட்டேஜில் 2. அந்த இரண்டைத் தகுதித் தேர்வில் ஈடுகட்ட ஐந்து மதிப்பெண் கூடுதலாக எடுக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னால் பிளஸ் டூ முடித்தவர்கள் காலத்தில் விடைத்தாள் திருத்துபவர்களுக்குக் கை நீளாது. பின்னால் வந்தவர்கள் காலத்தில் மதிப்பெண் மழை. இரண்டு தராசில் நிறுத்ததை ஒரே பட்டியலில் எழுதினால், மூத்தவர் ஐந்து மதிப்பெண் பின்தங்கித்தான் ஓட்டத்தையே தொடங்குகிறார். துறை மொழியில் இதற்குப் பெயர் சமன்படுத்தல். வெவ்வேறு அளவில் உள்ளவற்றைக் கூட்டுவதற்கு முன்னால் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. எடை எவ்வளவு என்பதற்கு முந்தைய படி அது. அந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். கடைசியில் 2018-ல் வெயிட்டேஜ் முறையையே கைவிட்டு, தகுதித் தேர்வுக்கு மேல் தனியாக ஒரு போட்டித் தேர்வு என்றார்கள். தராசு கோணலாக இருந்தால் நிமிர்த்தலாம். தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு பரீட்சை வைப்பது அலுவலகத்துக்கு வசதி, ஏற்கெனவே தேறியவருக்கு இன்னொரு சுமை.

நிதிக் குழு விஷயத்தில் நிலைமை கொஞ்சம் மேல். மத்திய வரி வருவாயை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்க 15-வது நிதிக் குழு ஆறு அளவுகோல் வைத்தது. வருமான இடைவெளிக்கு 45 சதவீதம், 2011 மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5, காடு, சூழலுக்கு 10, வரி வசூல் முயற்சிக்கு 2.5. தமிழ்நாட்டுக்கு விழுந்த பங்கு 4.079 சதவீதம், உத்தரப் பிரதேசத்துக்கு 17.939. குடும்பக் கட்டுப்பாட்டைச் சொன்னபடி செய்த மாநிலத்துக்கு இதுதான் பரிசா என்று சென்னையில் கட்சி வித்தியாசம் இல்லாமல் கேட்கிறார்கள். ஏழை மாநிலங்களுக்குப் போகத்தானே இந்தப் பணம் என்று பாட்னாவில் கேட்பார்கள். 45-ஐ 40 ஆக்கலாமா, 2.5-ஐ 5 ஆக்கலாமா என்று இரண்டு ஊரிலும் எண்ணைச் சொல்லிச் சண்டை போட முடிகிறதே, அதற்குக் காரணம் அந்த ஆறு எண்ணும் அச்சில் வெளியாகியிருப்பதுதான். மாநில அரசு பெற்ற பங்கு குறைவு என்ற கோபம் இருக்கட்டும். எடையை மறைத்தார்கள் என்ற கோபத்துக்கு இங்கே இடமில்லை.

ஊர் மட்டத்தில் பள்ளிக்கூடம் எங்கே, சமுதாயக் கூடம் எங்கே, எந்தத் தெருவுக்கு முதலில் சாலை என்ற முடிவுகளில் இந்த அளவுக்குக்கூட வெளிச்சம் இருப்பது அபூர்வம். கிராம சபையில் ஒரு கரும்பலகை, ஐந்து அளவுகோல், ஒவ்வொருவரும் சொல்லும் எடை, கடைசியில் கூட்டல். பாதிப் பேரின் எடையைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் முதலிடம் மாறுகிறதா என்றும் பார்த்துவிடலாம். மாறவில்லை என்றால் சண்டை போட ஒன்றுமில்லை. மாறினால் எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று தெரிந்துவிடும். இந்தப் பரிசோதனைக்கு முனைவர் பட்டமோ சாஃப்ட்வேரோ வேண்டாம். ஒரு மணி நேரம் போதும்.

வீட்டு அளவில் இதற்கு உடனடித் தேவை கல்லூரி சேர்க்கையின்போது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையைப் பலரும் கையில் வைத்துக்கொண்டுதான் கலந்தாய்வுக்கு உட்காருகிறார்கள். பொறியியல் பிரிவில் அதன் எடை: கற்பித்தல், கற்றல் வசதிகளுக்கு 30, ஆராய்ச்சிக்கு 30, படித்து வெளியே போனவர்களின் நிலைக்கு 20, பலதரப்பட்ட மாணவர்களுக்கு இடம் கொடுப்பதற்கு 10, பெயர் மதிப்புக்கு 10. நான்கு வருடம் படித்து வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு, அந்தக் கல்லூரிப் பேராசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகள் உண்மையிலேயே நூற்றுக்கு 30 முக்கியமா? சில வீடுகளில் ஆமாம், பல வீடுகளில் இல்லை. இந்தப் பட்டியலில் விடுதிக் கட்டணத்துக்கு எடை இல்லை, ஊரிலிருந்து எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதற்கும் இல்லை. அதைப் போட்டவர்களின் கேள்வி வேறு, உங்கள் வீட்டுக் கேள்வி வேறு.

ஆகவே இந்த ஆண்டு கலந்தாய்வுக்குப் போகும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிப் பட்டியலைத் திறப்பதற்கு முந்தைய நாள் ராத்திரி, அப்பா அம்மா ஒரு தாளிலும் பிள்ளை தனியாக இன்னொரு தாளிலும், கட்டணம், பாடப்பிரிவு, வேலைவாய்ப்பு, விடுதி, தூரம் என்று எழுதி, இரண்டு இரண்டாக ஒப்பிட்டு எடை போடுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்லூரிகளின் பெயர்களை மறுநாள் காலையில் பேசிக்கொள்ளலாம்.